புதிய மாதிரி வருங்கால் பழைய அதிசக்திப் பிக்அப் வண்டிகளின் விலை

சந்தைக்குச் செல்லும் குடியானவர் உழவு மாட்டை வாங்குமுன் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார்; சுழியைப் பார்க்கிறார்; நடக்கவிட்டுக் காலைப் பார்க்கிறார். ரேக்ளாவுக்குக் காளை தேடுவோரோ, அது எந்த ஊரில் எந்தக் காளையை முந்தியது என்றே முதலில் கேட்கின்றனர். முன்னதன் விலை அம்மாட்டினிடம் மிச்சமுள்ள வேலைக்கு விலை. பின்னதன் விலை அதன்மேல் பிறர் வைத்திருக்கும் ஆசைக்கு விலை. வேலை நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்வது. ஆசையோ ஒரே நாளில் வேறொன்றின்மேல் பாய்ந்துவிடக் கூடியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பண்ணைக்காரர்கள் கையாளும் பிக்அப் வண்டிகளிலும் இவ்விரு வகையும் உண்டு. அவற்றுள் இரண்டாம் வகையைப் பற்றியதே இக்கட்டுரை. யந்திரத்தில் முதல் போடும் எந்த நிலக்காரரும் அறிந்திருக்கத்தக்க சில செய்திகள் இதில் உள்ளன.

பிக்அப் என்பது முன்புறம் ஓட்டுவோர் அமரும் அறையும், பின்புறம் திறந்த தொட்டியும் கொண்ட சிறு லாரியாகும். ஃபோர்டு கம்பெனியார் 1925-ஆம் வருஷத்தில் தங்கள் 'டி' மாதிரி மோட்டாரில் இத்தகைய தொட்டியை அமைத்து 281 டாலருக்கு விற்றனர். தீவன மூட்டை, வேலிக் கம்பி, விதை, எரு முதலியவற்றை ஏற்றவும், மாட்டு வண்டியைப் பின்னால் பூட்டி இழுக்கவும் ஏற்றதாயிருந்தமையின், அது அந்நாட்டுப் பண்ணைகளில் இன்றியமையாத சாதனமாயிற்று. இந்த வேலைக்கார வண்டியில் பந்தய மோட்டாரின் யந்திரத்தைப் பொருத்திப் பார்க்கும் ஆவல் பிற்காலத்தில் தோன்றியது. 1991-இல் ஜி.எம்.சி. கம்பெனியார் 280 குதிரைச் சக்தியுள்ள சைக்ளோன் என்னும் பிக்அப்பை வெளியிட்டனர். 1993-இல் ஃபோர்டின் லைட்னிங் வந்தது. 2004-இல் டாட்ஜ் கம்பெனியார் வைப்பர் என்னும் பந்தயக் காரின் பத்து சிலிண்டர் யந்திரத்தையே தங்கள் ராம் பிக்அப்பில் வைத்து, 500 குதிரைச் சக்தியுடன் மணிக்கு 154 மைல் வேகம் காட்டினர். பாலைவன மணலில் பாய்ந்தோடுவதற்கென்றே ஃபோர்டு கம்பெனியார் செய்த ராப்டர் 2010-ஆம் வருஷத்து மாதிரியாக வெளிவந்தது. அதற்குப் போட்டியாக ராம் கம்பெனியார் 702 குதிரைச் சக்தியுள்ள டி.ஆர்.எக்ஸ். வண்டியை 2021-ஆம் வருஷத்து மாதிரியாகக் கொணர்ந்தனர்.

இவ்வளவு சக்தியுள்ள வண்டி மிகுந்த பாரம் சுமக்கும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதற்கு நேர்மாறானது. மேற்சொன்ன சைக்ளோனில் 500 ராத்தலுக்கு மேல் ஏற்றலாகாது என்பது கம்பெனியாரின் கட்டளை. அதாவது மூன்று நெல் மூட்டை ஏற்றினால் அதன் தொட்டி நிறைந்த கணக்கு! 2021-ஆம் வருஷத்துச் சாதாரண ஃபோர்டு எஃப்-150 பிக்அப், தக்கபடி அமைக்கப்பட்டால் 3,325 ராத்தல் வரை சுமக்கும். 14,000 ராத்தல் வரை இழுக்கும். அதே வருஷத்து ராப்டரோ சுமப்பது 1,400 ராத்தல். இழுப்பது 8,200 ராத்தல். டி.ஆர்.எக்ஸ். சுமப்பது 1,310 ராத்தல் மட்டுமே. மேடுபள்ளங்களில் துள்ளி ஓடுவதற்கென அமைந்த மெத்தென்ற நீண்ட வில்கள் பாரத்தைத் தாங்கா என்பதே காரணம். எண்ணெய்ச் செலவும் அதிகம். டி.ஆர்.எக்ஸ். ஓர் அமெரிக்க காலனுக்குச் சராசரி 12 மைல் ஓடுவதாக அந்நாட்டுச் சர்க்கார் கணக்கிட்டிருக்கின்றனர். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டரே ஆயிற்று.

ஆகவே இத்தகைய வண்டியின் விலையை அது செய்யும் வேலையைக் கொண்டு அளக்க முடியாது. சாதாரணப் பிக்அப் பத்து வருஷம் ஆனபின்பும் மூட்டை சுமக்குமாதலால், அதற்கு ஓர் அடிவிலை என்றும் உண்டு. புதிய மாதிரி வந்ததனால் பழைய வண்டி ஒரு மூட்டை குறைவாகச் சுமக்கப்போவதில்லை. அதிசக்தி வண்டிக்கு இந்த அடிமானம் மெல்லியது. இதைவிட விரைவானது, இதைவிட உயர்ந்தது ஒன்று கடைக்கு வந்துவிட்டது என்ற செய்தியே அதன் விலையைக் குலைக்கப் போதுமானது. அரிதாகச் சில சமயங்களில் அதே செய்தி அதன் விலையை ஏற்றியும் விடுகிறது. இவ்விரண்டில் எது நடக்கும் என்பதை முன்கூட்டி அறிவதிலேயே விற்போருடைய லாப நஷ்டம் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் மோட்டார்களை வருஷ மாதிரி கொண்டு அழைப்பது வழக்கம். அடுத்த வருஷத்து மாதிரி பெரும்பாலும் நடப்பு வருஷத்தின் இலையுதிர் காலத்திலேயே கடைகளுக்கு வந்துவிடும். ஆகையால், டிசம்பரில் விற்கப்படும் வண்டி ஜனவரி பிறந்ததும் ஒரு வயது கூடியதாகவே எண்ணப்படுகிறது. விளக்கின் வடிவும் வர்ணமும் மட்டும் மாறும் வருஷங்களில் விலை வழக்கம்போல் மெதுவாகவே இறங்கும். சேஸ், யந்திரம், வில் ஆகியவை அடியோடு மாறும் வருஷமே கவனிக்கத்தக்கது. அப்போதுங்கூட விலையில் அசைவு உண்டாவது வண்டி கடைக்கு வந்த நாளிலன்று. கம்பெனியார் அதை அறிவித்த நாளிலேயே. அறிவிப்புக்கும் விற்பனைக்கும் இடையே பல மாதங்கள் கழிவதுண்டு. பழையதை விற்க நினைப்போர் அனைவரும் அந்த இடைவெளியிலேயே ஒருங்கே சந்தைக்கு வருகின்றனர். மூன்று வருஷக் குத்தகைக்கு எடுத்த வண்டிகளும் தவணை முடிந்து அவ்வேளையில் திரும்பி வந்தால் பெருக்கம் இன்னும் கூடும். அறுவடை முடிந்த வாரத்தில் ஊரார் எல்லாரும் ஒரே நாளில் மண்டிக்கு நெல் கொண்டுவந்தாற்போன்ற நிலை அது.

விலையை அறிந்துகொள்ள அந்நாட்டாருக்கு நல்ல வசதிகள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து மோட்டார் வியாபாரியான கெல்லி என்பவர் 1926-இல் தொடங்கிய 'நீலப் புத்தகம்' இன்றும் பழைய மோட்டார்களுக்கு மதிப்புச் சொல்லிவருகிறது. 1945-இல் பென்ஸில்வேனியா ராஜ்யத்து மான்ஹைம் என்னும் ஊரில் தோன்றிய ஏல ஸ்தாபனம், வியாபாரிகளுக்குள் நடக்கும் ஏல விலைகளைத் தொகுத்து மாதந்தோறும் குறியீட்டெண் வெளியிடுகிறது. புது வண்டியின் கண்ணாடியில் கம்பெனி விலைச்சீட்டு ஒட்டப்பட வேண்டும் என்பது 1958-ஆம் வருஷத்துச் சட்டம். ஆனால் அச்சீட்டிலுள்ள விலை ஆலோசனை விலையே. வியாபாரி கூட்டியும் கேட்கலாம், குறைத்தும் கொடுக்கலாம்.

இனி நடந்த செய்திகளைப் பார்ப்போம். முதல் ராப்டர் 38,995 டாலர் முதல் விற்கப்பட்டது. அதில் பெரும்பாலானவற்றில் இருந்தது 6.2 லிட்டர், எட்டு சிலிண்டர், 411 குதிரைச் சக்தி யந்திரம். அது 2014-உடன் நின்றது. அடுத்த இரண்டு வருஷங்களுக்கு ராப்டரே இல்லை. 2017-இல் வந்த இரண்டாம் ராப்டர் அலுமினிய உடலும், 450 குதிரைச் சக்தியும், பத்து கியர்களும் உடையது, எவ்வகையிலும் மேலானது. ஆயினும் அதிலிருந்தது 3.5 லிட்டர் ஆறு சிலிண்டர் யந்திரம். எட்டு சிலிண்டரின் கனத்த முழக்கத்தையே விரும்பினோர்க்குப் பழையதை விட்டால் கதியில்லை. இடையே கடையில் இரண்டு வருஷம் வெறுமை, புதியதில் ஒரு குணம் குறைவு, விலையும் அதிகம். இம்மூன்றும் சேர்ந்தமையால் முதல் ராப்டர் தன் மதிப்பை நெடுங்காலம் காத்துக்கொண்டது. 2021-இல் வந்த மூன்றாம் ராப்டரின் கதை வேறு. யந்திரத்தில் அதே 450 குதிரைச் சக்தி. பின்புறத்தில் மட்டும் பட்டை வில்லுக்குப் பதிலாகச் சுருள் வில். முந்தியதில் இருந்து புதியதில் இல்லாதது என்று சொல்ல ஒன்றுமில்லை. இத்தகைய சமயத்தில் பழையது விலை இறங்குவதே முறை. ஆனால் அவ்வருஷம் அம்முறைப்படி நடக்கவில்லை.

காரணம், உலகெங்கும் அரைக்கடத்திச் சில்லுகளுக்கு ஏற்பட்ட பஞ்சம். 2020-இன் கடைசியில் தொடங்கிய அப்பஞ்சத்தால் மோட்டார்த் தொழிற்சாலைகள் அடிக்கடி மூடிக் கிடந்தன. கெண்டக்கி ராஜ்யத்திலுள்ள ஒரு பந்தய மைதானத்தில், சில்லு ஒன்றே குறையாக, ஃபோர்டு பிக்அப்புகள் வரிசை வரிசையாய்க் காத்து நின்றன. புதியது கிடையாமற்போகவே பழையதன் விலை ஏறிற்று. ராப்டருக்கும் டி.ஆர்.எக்ஸுக்கும் வியாபாரிகள் சீட்டு விலைக்குமேல் ஆயிரக்கணக்கான டாலர் கேட்டனர். சிலர் ஒரு வருஷம் ஓட்டிய வண்டியை வாங்கிய விலைக்கு மேலாகவே விற்றதும் உண்டு. மான்ஹைம் ஏல விலைகள் 2022-இன் தொடக்கத்தில் உச்சத்தை எட்டிப் பின் அவ்வருஷம் முழுதும் இறங்கின. அவ்வருஷம் ஜூனில் பெட்ரோல் விலை சராசரி காலனுக்கு 5 டாலரைத் தாண்டியதும் பெருந்தீனி வண்டிகளுக்கு உதவியாயில்லை. உச்ச விலையில் கடன்பட்டு வாங்கினோரிற் பலர், வண்டியின் மதிப்பு கடன் பாக்கியினும் குறைந்துபோனதைக் கண்டனர். பஞ்சத்து விலையை நிலையான விலை என்று நம்பியதே அவர்கள் செய்த பிழை.

ஒரு மாதிரி நிறுத்தப்படுவதும் ஏமாற்றக் கூடியதே. எட்டு சிலிண்டர் டி.ஆர்.எக்ஸ். 2024-ஆம் வருஷத்து மாதிரியோடு நிறுத்தப்பட்டது. அதனிடத்தில் வந்த ஆர்.எச்.ஓ. வண்டிக்கு ஆறு சிலிண்டர், 540 குதிரைச் சக்தி. இனி அந்த யந்திரம் கிடையாது என்று சொல்லிப் பழைய டி.ஆர்.எக்ஸுக்கு உயர்ந்த விலை கேட்கப்பட்டது. ஆனால் 2025 ஜூனில் ராம் கம்பெனியார், கைவிட்டிருந்த 5.7 லிட்டர் எட்டு சிலிண்டர் யந்திரத்தைச் சாதாரணப் பிக்அப்பில் மீண்டும் வைக்கப்போவதாக அறிவித்தனர். 2026-இன் தொடக்கத்தில் டி.ஆர்.எக்ஸ். என்ற பெயரே திரும்பி வருவதாக அறிவிப்பு வந்தது. கம்பெனியார் ஒன்றை நிறுத்துகிறோம் என்பது பத்திரப் பதிவன்று. தேவை கண்டால் மறுபடியும் செய்வர். இதற்கு மாறாக, 1991-இன் சைக்ளோன் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகவே செய்யப்பட்டு, மீண்டும் செய்யப்படாமற்போனமையால் சேகரிப்போர் தேடும் பொருளாயிற்று. அது முப்பது வருஷக் காத்திருப்பின் பலன். கொட்டகையும் பொறுமையும் உடையோர்க்கே உரியது.

விலையைக் குலைப்பதில் கம்பெனியாரே முதல்வராவதும் உண்டு. லைட்னிங் என்ற பழைய பெயரை ஃபோர்டு கம்பெனியார் 2022-இல் மின்சாரப் பிக்அப்புக்குச் சூட்டினர். 39,974 டாலர் என்று அறிவிக்கப்பட்ட அதன் ஆரம்ப விலை படிப்படியாக உயர்ந்து 2023-இல் 59,974 டாலர் ஆயிற்று. அவ்வருஷம் ஜூலையில் ஒரே நாளில் அது 49,995 டாலராகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்திய மாதம் முழு விலை கொடுத்து வாங்கினவரின் வண்டி, களத்தைவிட்டு அசையாமலே ஏறக்குறைய பதினாயிரம் டாலர் இழந்தது. புதியதையே அவ்விலைக்குத் தரும்போது பழையதை அதற்குமேல் எவர் வாங்குவர்? 2025 டிசம்பரில் அந்த மின்சார வண்டியின் உற்பத்தியை நிறுத்துவதாகவும் கம்பெனியார் அறிவித்தனர்.

விற்கும் வழியிலும் கணக்கு உண்டு. பழையதை வியாபாரியிடமே கொடுத்துப் புதியதன் விலையில் கழித்துக்கொண்டால், நேரில் ஒருவருக்கு விற்பதைக் காட்டிலும் குறைந்த தொகையே கிடைக்கும். ஆனால் பல ராஜ்யங்களில் விற்பனை வரி, கழித்தது போக மிச்சத்துக்கே விதிக்கப்படுகிறபடியால், குறைவில் ஒரு பகுதி ஈடாகிவிடுகிறது. பண்ணைத் தொழிலுக்கென வாங்கிய வண்டியின் தேய்மானத்தை வருமான வரியில் முன்பே கழித்துக்கொண்டவர், விற்கும்போது கிடைக்கும் லாபத்துக்கு வரி செலுத்த வேண்டும். வண்டிக்கு வண்டி மாற்றிக்கொண்டால் இவ்வரியைத் தள்ளிப்போடலாம் என்றிருந்த பழைய சலுகை 2018 முதல் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மட்டுமே உரியதாகச் சுருக்கப்பட்டது. இதை மறந்து, கைக்கு வந்த கிரயம் முழுவதையும் செலவிட்டுவிடும் பண்ணைக்காரர் வரி கட்டும் மாதத்தில் திண்டாடுவர்.

வாங்குவோர் பக்கத்தில் ஒரு வார்த்தை. புதிய மாதிரி அறிவிக்கப்பட்டு, விற்போர் நெருக்கியடிக்கும் மாதங்களே வாங்குவோர்க்கு நல்ல காலம். ஆயினும் பாலைவன வண்டியை அதன் ஓட்டமைல் ஒன்றைக் கொண்டு மதித்தல் தகாது. இருபதாயிரம் மைல் நெடுஞ்சாலையில் ஓடியதும், இருபதாயிரம் மைல் மணல்மேடுகளில் குதித்ததும் ஒன்றாகா. சேஸின் பின்பகுதி நேராயிருக்கிறதா, அச்சின் அருகே வளைவோ புதிதாக ஒட்டவைத்த தடமோ உண்டா, ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிகிறதா, அடித்தகட்டில் கல்லடிபட்ட வடு எவ்வளவு என்பவற்றை வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்க்கவேண்டும். முன் சொந்தக்காரர் தம் விருப்பப்படி உயர்த்திய வில்லும் மாற்றிய யந்திரக் கட்டுப்பாடும் அவர் செலவிட்ட பணத்தைத் திரும்பத் தருவதில்லை. பெரும்பாலும் விலையைக் குறைக்கவே செய்யும். கழற்றிய அசல் பாகங்களை அவர் பத்திரப்படுத்தி வண்டியோடு கொடுத்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.