கழுத்துக்குள் ஓர் அரிசிமணி: அன்றும் இன்றும்

கழுத்தின் இரு புறமும், குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு இருக்கும் உயரத்தில், கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரிகிறது. உட்கிளை மூளைக்குப் போகிறது. வெளிக்கிளை முகத்துக்கும் உச்சந்தலைத் தோலுக்கும் போகிறது. அந்தக் கவட்டின் பின்பக்கத்தில், தமனியின் வெளியுறையோடு ஒட்டியபடி, அரிசிமணி அளவில் செம்பழுப்பு நிறத் திசு ஒன்று இருக்கிறது. எடை சுமார் 12 மில்லிகிராம். மருத்துவர்கள் அதைக் கரோட்டிட் பாடி என்கிறார்கள். 1743-இல் அதை முதன்முதலாக எழுதிவைத்தவர் கண்டதும் இன்றைய அறுவை மருத்துவர் காண்பதும் அதே திசுதான். அதற்கு நாம் கொடுத்த மதிப்புதான் திரும்பத் திரும்ப மாறியது. அந்த மாற்றத்துக்கான விலையை ஆயிரக்கணக்கான நோயாளிகள் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்ட் ஹாலரிடம் படித்த மாணவர் டாவ்பே, பிணக்கூறாய்வில் இதைக் கண்டு சிறிய நரம்பு முடிச்சு என்று குறித்தார். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அது அப்படியே கிடந்தது. 1862-இல் உடற்கூறியலாளர் ஹூபர்ட் லுஷ்கா, இது நரம்பு முடிச்சு அல்ல, சுரப்பி என்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ப்ராக் நகரின் ஆல்ஃபிரட் கோன், அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியோடு உறவுள்ள திசுக் குடும்பத்தில் இதைச் சேர்த்தார். இத்தனை பெயர் மாறியும், இது என்ன வேலை செய்கிறது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

பதில் மாட்ரிட்டிலிருந்து வந்தது. நரம்பியலாளர் ரமோன் கஹாலின் மாணவர் ஃபெர்னாண்டோ டி காஸ்ட்ரோ, 1926-இலும் 1928-இலும் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளில் இந்தத் திசுவின் நரம்பு இழைகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்தார். அவர் கையில் இருந்தவை வெள்ளி உப்புச் சாயம், நுண்ணோக்கி, பொறுமை ஆகியவைதாம். அவர் செய்த சோதனையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்தத் திசுவுக்கு வரும் நரம்பு, ஒன்பதாவது மூளை நரம்பின் கிளை. அந்த நரம்பை மூளைக்கும் அதன் உணர்வு முடிச்சுக்கும் இடையே, மண்டையோட்டுக்கு உள்ளேயே, விலங்குகளில் வெட்டிவிட்டுக் காத்திருந்தார். மூளையிலிருந்து கட்டளை கொண்டுவரும் இழைகளாக இருந்தால் அவை சிதைந்துபோக வேண்டும். கரோட்டிட் பாடிக்குள் இருந்த நரம்பு முனைகள் சிதையவில்லை. ஆகவே செய்தி இங்கிருந்துதான் மூளைக்குப் போகிறது. இது கட்டளை வாங்கும் சுரப்பி அல்ல, சேதி சொல்லும் புலன். இரத்தத்தின் வேதிநிலையைச் சுவைத்துப் பார்க்கும் உறுப்பு என்று அவர் ஊகித்தார். மின்பதிவு எதுவும் இல்லாமல், வெட்டிய இடத்தையும் சிதையாத முனையையும் மட்டும் வைத்து ஒரு மனிதர் இவ்வளவு தூரம் வந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அந்த ஊகத்தை உயிருள்ள உடலில் மெய்ப்பித்தவர் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக் கார்னெய் ஹேமன்ஸ். அதுவரை, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மூளையின் சுவாச மையமே அதை நேரடியாக உணர்கிறது என்றுதான் நம்பினார்கள். ஹேமன்ஸ் ஒரு நாயின் கரோட்டிட் கவட்டைத் தனியாகப் பிரித்து, அதன் நரம்பை மட்டும் விட்டுவைத்து, வேறொரு நாயின் இரத்தத்தை அதன் வழியே ஓடவிட்டார். அந்த இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தபோது முதல் நாயின் மூச்சு விரைந்தது. நரம்பை வெட்டியதும் அந்த மாற்றம் நின்றுபோனது. 1938-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டில் மாட்ரிட் உள்நாட்டுப் போரின் முற்றுகைக்குள் இருந்தது. டி காஸ்ட்ரோவின் பெயர் பரிசில் இல்லை. இது நியாயமல்ல என்று பின்வந்த உடலியலாளர் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதுவே கருத்து.

இன்று அந்த உறுப்பின் வேலையை எண்களால் சொல்ல முடியும். மூளையின் ஒவ்வொரு 100 கிராமுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 54 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது. கரோட்டிட் பாடிக்கு அதே எடைக் கணக்கில் பாய்வது சுமார் 2,000 மில்லிலிட்டர். தன் தேவைக்கு மிஞ்சிய இந்த இரத்தம், சோதித்துப் பார்ப்பதற்காகவே வருகிறது எனலாம். தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் இயல்பாக 100 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டி இருக்கும். அது 60-க்குக் கீழே இறங்கும்போது இங்கிருந்து போகும் நரம்புத் துடிப்புகள் செங்குத்தாக ஏறுகின்றன. சில நொடிகளில் மூச்சு ஆழமாகிறது. கார்பன் டை ஆக்சைடு கூடினாலும் இரத்தம் அமிலமானாலும் இதே சேதிதான் போகிறது.

செல்லுக்குள் நடப்பதும் பெரும்பாலும் தெரிந்துவிட்டது. ஆக்சிஜன் குறைந்தால், இந்த உறுப்பின் உணர்வுச் செல்லான குளோமஸ் செல்லின் பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்கின்றன என்பதை 1988-இல் ஸ்பெயினின் லோபஸ் பார்னியோவும் உடனிருந்தவர்களும் காட்டினார்கள். வாயில் மூடியதும் கால்சியம் உள்ளே வருகிறது, ஏடிபி போன்ற தூதுப் பொருள்கள் வெளியே கொட்டுகின்றன, நரம்பு துடிக்கிறது. ஆக்சிஜன் குறைவை முதலில் அறியும் மூலக்கூறு எது என்பதில் மட்டும் வழக்கு இன்னும் முடியவில்லை. 2019-இல் கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா மூவரும் நோபல் பெற்றது, உடலின் செல்கள் ஆக்சிஜனை உணர்ந்து தம்மை மாற்றிக்கொள்ளும் வழியைக் கண்டதற்காக. மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நடக்கும் மாற்றம் அது. நொடிக்கணக்கில் நடப்பதற்கு ஹேமன்ஸின் பரிசு. இரண்டுக்கும் இடையே எண்பது ஆண்டுகள்.

இவ்வளவு தெரிந்த பிறகு, நடுவில் நடந்த ஒன்றைத் திரும்பிப் பார்க்க மனம் கனக்கிறது. ஜப்பானின் கோமெய் நகயாமா பெயர் பெற்ற அறுவை மருத்துவர். 1940-களில் தொடங்கி, ஆஸ்துமா நோயாளிகளின் கரோட்டிட் பாடியை அகற்றினார். 1961-இல் அவர் வெளியிட்ட கட்டுரை 3,914 பேரைப் பற்றியது. ஹேமன்ஸ் நோபல் பெற்று இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. இது மூச்சைக் காக்கும் புலன் என்பது பாடப்புத்தகத்துக்கே வந்துவிட்டது. ஆயினும் அந்த அறுவை கடல் கடந்து அமெரிக்காவுக்கும் போனது. 1960-களில் அங்கே செய்த ஆய்வுகளில் ஆஸ்துமா குணமானதற்குச் சான்று கிடைக்கவில்லை. சிலர் தங்களுக்கு மூச்சிரைப்பு குறைந்தது என்றே சொன்னார்கள். இருபுறமும் அகற்றப்பட்டவர்களைப் பின்னாளில் சோதித்தபோது அதன் பொருள் விளங்கியது: ஆக்சிஜன் குறைந்தாலும் அவர்களுடைய மூச்சு விரைவதில்லை. மற்றவர்களைவிட நெடுநேரம் அவர்களால் மூச்சை அடக்க முடிந்தது. சுவாசக் குழாய் முன்போலவே சுருங்கியது, எச்சரிக்கைதான் போய்விட்டது. போன அந்தப் புலன் மனிதரில் திரும்பி வருவதில்லை.

கட்டிகளின் கதை இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. கரோட்டிட் பாடியில் அரிதாகக் கட்டி வளரும்; ஆண்டுக்கணக்கில் மெல்ல, வலியில்லாமல். 1880-இல் அறுவை மருத்துவர் ரீக்னர் அப்படி ஒரு கட்டியை எடுத்தபோது நோயாளி இறந்தார். 1886-இல் மைடல் எடுத்தபோது நோயாளி பிழைத்தார். பேச்சும் ஒரு பக்கக் கைகாலும் போயின. தமனியைக் கட்டிவிட்டுத்தான் கட்டியை எடுக்க முடியும் என்று அன்று இருந்தது. தமனியைக் கட்டினால் மூளையின் பாதி பட்டினி கிடக்கும். 1889-இல் வியன்னாவின் எட்வர்ட் ஆல்பர்ட், தமனியைக் கட்டாமல் கட்டியை மட்டும் பிரித்தெடுத்தார். 1940-இல் கார்டன் டெய்லர், தமனிச் சுவருக்கும் கட்டிக்கும் இடையே வெள்ளைக் கோடாக ஒரு தளம் தெரியும், அதைப் பிடித்துப் போனால் தமனி பிழைக்கும் என்று விளக்கினார். 1971-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து ஷாம்பிளினும் தோழர்களும் 90 கட்டிகளைப் பார்த்து, கட்டி தமனியை எவ்வளவு சுற்றியிருக்கிறது என்பதை வைத்து மூன்று வகையாகப் பிரித்தார்கள். இன்றும் எல்லா அறுவை அரங்குகளிலும் பேசப்படுவது அந்த மூன்று வகைதான்.

அன்று நோயறியும் கருவி மருத்துவரின் விரல்தான். தாடைக் கோணத்துக்குக் கீழே உள்ள கட்டி இடவலமாக அசையும், மேலும் கீழும் அசையாது. விரல் வைத்தால் தமனியோடு துடிக்கும். இதை வைத்தே நோயைச் சொன்ன மருத்துவர்கள் இருந்தார்கள். இன்று டாப்ளர் ஸ்கேனும் சிடி ஆஞ்சியோவும், இரு கிளைகளும் கட்டியால் விலகி யாழின் இரு தண்டுகளைப் போல வளைந்திருப்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடுகின்றன. காலியம் 68 ஏற்றிய மருந்தோடு எடுக்கும் பெட் ஸ்கேன், உடலில் வேறெங்காவது இதே வகைக் கட்டி இருந்தால் அதையும் காட்டுகிறது. அறுவையின்போது பக்கவாதம் வருவது இன்று நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு என்ற அளவில் இருக்கிறது. மூளை நரம்புக் காயம் மட்டும் இன்னும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நேர்கிறது. குரல் கம்மும், விழுங்கும்போது புரையேறும். பலருக்கு நாளடைவில் சரியாகும், சிலருக்கு நிலைத்துவிடும். இதைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் சொல்வது சரியல்ல. விரலால் அறியும் பழக்கம் தேய்ந்ததும் ஓர் இழப்பு. கழுத்துக் கட்டி என்றதும் தொட்டுப் பார்க்காமலே ஊசி குத்தித் திசு எடுக்கும் சோதனைக்கு எழுதிக்கொடுக்கும் இடங்களில் அந்தக் குறை தெரிகிறது.

கட்டி ஏன் வளர்கிறது என்ற கேள்விக்கு முதல் தடயம் மலையில் கிடைத்தது. 1969-இல் பெரு நாட்டின் நோயியலாளர் ஹாவியேர் அரியாஸ் ஸ்டெல்லா, ஆண்டிஸ் மலை உயரத்தில் வாழ்ந்து இறந்தவர்களின் கரோட்டிட் பாடிகளைக் கடலோர மக்களுடையவற்றோடு வைத்துப் பார்த்தார். மலைவாசிகளுடையவை பெரியவை. வாழ்நாள் முழுதும் ஆக்சிஜன் குறைந்த காற்றில் ஓயாமல் உழைத்த திசு அது. மலை மக்களிடம் கட்டியும் கூடுதலாகக் காணப்பட்டது. பிறகு 2000-ஆம் ஆண்டில், சமவெளியில் வாழும் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் இதே கட்டிக்குக் காரணம் எஸ்டிஹெச்டி என்ற மரபணுவின் பிழை என்று தெரிந்தது. செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் நொதியின் ஒரு பகுதியை ஆக்கும் மரபணு அது. அது பழுதானால், ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போதே செல் ஆக்சிஜன் பஞ்சத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. மலை செய்ததை மரபணு செய்கிறது.

இந்தப் பிழை தந்தை வழியாக வந்தால்தான் பெரும்பாலும் கட்டி தோன்றும். தாய் வழியாக வந்தால் அந்தத் தலைமுறையில் அடங்கிவிடும், மறைவதில்லை. இன்று இந்த வகைக் கட்டிகளில் பத்தில் மூன்று நான்கு மரபு வழியே வருபவை என்று தெரியும். சாதாரணக் கட்டி, புற்றுக் கட்டி என்று பிரித்துச் சொன்ன பழைய வழக்கத்தையும் உலக சுகாதார நிறுவனம் 2017-இல் கைவிட்டது. பரவும் வாய்ப்பு, சிறிதோ பெரிதோ, எல்லாவற்றுக்கும் உண்டு என்பதே இன்றைய நிலை. அன்றைய நோயாளிக்குச் சாதாரணக் கட்டி என்ற ஒரு சொல்லில் நிம்மதி கிடைத்தது. இன்றைய நோயாளி அதற்குப் பதில் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வருகிறார்.

இப்போது கத்தி மீண்டும் இந்த அரிசிமணியை நோக்கித் திரும்பியிருக்கிறது. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு இரவெல்லாம் ஆக்சிஜன் இறங்கி ஏறுகிறது. அதனால் கரோட்டிட் பாடி அளவுக்கு மீறி உணர்ச்சிகொண்டு, பரிவு நரம்பைத் தூண்டி, இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நந்தூரி பிரபாகர் குழு இந்த வழியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. அப்படியானால் அதை எடுத்துவிடலாமே என்ற எண்ணம் இயல்பாக எழும். எழுந்தது. 2016-இல் வெளியான ஆய்வில், மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தம் உள்ள 15 பேருக்கு ஒரு பக்கத்துக் கரோட்டிட் பாடியை மட்டும் அகற்றினார்கள். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அழுத்தம் குறைந்தது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் செய்து பார்த்தபோது, இரவில் ஆக்சிஜன் இன்னும் இறங்கும் ஆபத்து தெரிந்தது, நிதானித்தார்கள். 3,914 பேருக்குச் செய்த பிறகு கேட்ட கேள்வியை இன்று 15 பேரிடம் கேட்டுவிட்டு நிற்கிறார்கள். நான் காணும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான். கத்தியே வேண்டாம், ஏடிபி சேதியை வாங்கும் வாயிலை மருந்தால் அடைத்தால் போதும் என்ற வழியும் எலிகளில் பலன் தந்திருக்கிறது.

2020-இலும் 2021-இலும் நம் வீடுகளுக்குள் வந்த பல்ஸ் ஆக்சிமீட்டர் நினைவிருக்கும். கொரோனாவில் எண் 80-க்குக் கீழே காட்டும்போதும் சிலர் இரைப்பில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். கிருமி கரோட்டிட் பாடியைத் தாக்கியிருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று, முடிவாகவில்லை. கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டே இருந்தால் ஆக்சிஜன் குறைவு மட்டும் பெரிய இரைப்பைத் தருவதில்லை என்பது அதற்கு முன்பே தெரிந்த உடலியல். கழுத்துக்குள் இருக்கும் கருவி எப்போதும் உரக்கக் கூப்பிடாது என்பதை அந்த இரண்டு ஆண்டுகளில் சாதாரண மக்களும் கண்டுகொண்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தாடைக் கோணத்துக்குக் கீழே, ஆண்டுக்கணக்கில் வலியில்லாமல் வளரும் கட்டி, இடவலமாக அசைந்து மேலும் கீழும் அசையாமல் இருந்தால், ஊசி குத்துவதற்கு முன் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்; இரத்தம் இவ்வளவு பாயும் கட்டியில் குத்துவது ஆபத்து. தந்தை வழியிலும் தாய் வழியிலும் யாருக்காவது கழுத்துக் கட்டி இருந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து, அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.