பழைய கீசரை மாத்தப் போறீங்களா? வாங்கும் முன் இதை தெரிஞ்சுக்கோங்க!

ஸ்டோரேஜ் கீசரை கழற்றிவிட்டு இன்ஸ்டன்ட் கீசர் மாட்டினால் கரண்ட் பில் பாதியாகக் குறையுமா? முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

மிச்சம் எங்கே?

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து 40 டிகிரிக்கு சூடாக்க, எந்த கீசராக இருந்தாலும் சுமார் கால் யூனிட் மின்சாரம் தேவை. ஆனால், ஸ்டோரேஜ் கீசரை நாள் முழுக்க ஆனில் விட்டால், ஆறும் தண்ணீரை அது திரும்பத் திரும்ப சூடாக்கும். அந்த வீண் செலவுதான் இன்ஸ்டன்ட்டில் மிச்சம். குளிக்கும் முன் போட்டு உடனே அணைப்பவர் என்றால், பில்லில் பெரிய வித்தியாசம் தெரியாது.

தண்ணீர் வேகம் எப்படி?

3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரில் இதே சூட்டில் நிமிடத்துக்கு சுமார் 3 லிட்டர்தான் தொடர்ந்து வரும். ஒரு வாளி நிரம்ப 5 நிமிடம். சென்னைக்கு இது போதும். ஊட்டி குளிரில் தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால், வேகம் பாதியாகிவிடும். அங்கே ஸ்டோரேஜ்தான் வசதி.

வயரிங் முக்கியம்!

3 கிலோவாட் கீசர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டவே கூடாது. 16 ஆம்பியர் பிளக், தனி வயர், சரியான எர்த் இருக்கிறதா என எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபி இல்லையென்றால் அதையும் போட்டுவிடுங்கள்.

கேஸ் கீசர் உஷார்!

கேஸ் கீசர் வாங்கினால், மூடிய பாத்ரூமுக்குள் மாட்டாதீர்கள். அதில் வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. குளிப்பவர் சுதாரிப்பதற்குள் மயங்கி, உயிரே போகலாம். காற்றோட்டமான வெளிப்புறத்தில் மாட்டி, பைப் மூலம் வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவருவதே பாதுகாப்பு.