காலண்டர் படத்துல காதல் வந்த கதை

இன்னைக்கு ஒரு படத்தைப் பத்திப் பேசப்போறேன். காட்டுல ஒரு பொண்ணு, கால்ல முள்ளு குத்தின மாதிரி நின்னு, தலையை மட்டும் பின்னாடி திருப்பிப் பார்ப்பா. ராஜா ரவிவர்மாவோட சகுந்தலை. எங்கேயோ பார்த்திருப்பீங்க.

முள்ளு சும்மா சாக்கு. அவ தேடுற துஷ்யந்தன் படத்துக்குள்ளயே இல்லை. தோழிகள் கூட இருக்கும்போதே அவனை இன்னொரு தடவை பார்க்கணுங்கிற ஆசை முழுக்க, அந்தக் கழுத்துத் திருப்பத்துல இருக்கு.

உணர்ச்சியை இப்படி உடம்புல காட்டுற படங்களுக்கு 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுல பெரிய மவுசு. பிரான்ஸ்ல க்ரூஸ்னு ஒரு ஓவியர், 1761-ல ஒரு கிராமத்துக் கல்யாணப் பேச்சை வரைஞ்சார். பொண்ணோட கையை விட மனசில்லாத அம்மா, தோள்ல சாஞ்சு அழுற தங்கச்சி. நம்ம வீட்டுக் கதைதான்! அதைச் செப்புத் தகட்டுல செதுக்கி அச்சடிச்சாங்க. அசல் ஓவியத்தைப் பார்க்க முடியாதவங்க வீட்டுக்கும் அந்தக் கண்ணீர் போச்சு.

அந்த நூற்றாண்டு முடியுற நேரத்துல, ஜெர்மனியில செனஃபெல்டர் கல்லச்சைக் கண்டுபிடிச்சார். எண்ணெய்யும் தண்ணியும் ஒட்டாது, அவ்வளவுதான் சூத்திரம். சுண்ணாம்புக் கல்லுல எண்ணெய்ப் பசையால வரைஞ்சு நனைச்சா, அச்சு மை கோட்டுல மட்டும் ஒட்டும். பிற்பாடு ஒரு நிறத்துக்கு ஒரு கல்லுன்னு வந்துச்சு. கன்னத்துச் சிவப்புக்கும் கல்லு வேணும். வெட்கத்தைக்கூட கல்லுலதான் அச்சடிச்சாங்க!

ரவிவர்மா 1894-ல பம்பாயில அச்சகம் தொடங்கினப்போ, ஜெர்மன் தொழில்நுட்ப ஆட்களை வச்சு இதைத்தான் செஞ்சார். சகுந்தலையும் தமயந்தியும் அரண்மனையிலிருந்து சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்தாங்க.

நம்ம ஊர்ல அடுத்த பெரிய பேரு, கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில படிச்சவர், நாடகத்துக்குத் திரைச்சீலை வரைஞ்சவர். அவரும் அவரோட சீடர்களும் வரைஞ்ச படங்கள் சிவகாசியில அச்சாகி ஊரெல்லாம் காலண்டரா தொங்குச்சு. தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் மளிகைக்கடையில நீங்க பார்க்கிற வள்ளி-தெய்வானை முருகன் அந்தப் பரம்பரைதான்.

"காலண்டர் ஆர்ட்"னு இதை மட்டம் தட்டுறது எனக்குப் பிடிக்காது. காசில்லாத வீட்டுக்கும் ஒரு ஓவியம் கிடைச்சது சின்ன விஷயமில்லை. ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. காதலிக்கிற பொண்ணுன்னா வெளுத்த நிறம், நிறைய நகை, தாழ்ந்த பார்வைன்னு இந்தப் படங்கள் திரும்பத் திரும்பச் சொல்லுச்சு. ஆயிரக்கணக்குல அச்சாகும்போது ஒரு ஓவியரோட ரசனை ஊரோட இலக்கணமா மாறிடுது. கருப்பா இருக்கிற பொண்ணோட காதலுக்கு அந்தச் சுவர்ல இடமே இல்லை.

இன்னைக்கும் ஈ.சி.ஆர் பீச்ல ப்ரீ-வெட்டிங் ஷூட் நடக்கும்போது, "லேசா திரும்பிப் பாருங்க மேடம்"னு ஒரு குரல் கேட்கும். அது கேமராமேனோட ஐடியா மட்டும் இல்லை, நூறு வருஷத்துக்கும் மேல பழசு.

தாம்பரத்துல மின்சார ரயில் ஏறினா எழும்பூர். அங்க அரசு அருங்காட்சியகத்துல ரவிவர்மா ஓவியங்கள் இருக்கு. போனீங்கன்னா முகத்தை விட்டுட்டு கழுத்து, கை, விரலைப் பாருங்க. அன்பை எங்க ஒளிச்சு வச்சிருக்கார்னு கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!