மரக்கூண்டும் கிளியின் அலகும்

தமிழ்நாட்டில் மரத்தாலான பறவைக்கூண்டு என்றதும் பெரும்பாலோரின் நினைவுக்கு வருவது கிளிச் சோதிடர் கையில் தூக்கிச் செல்லும் சிறு பெட்டிதான் என்றாலும், வீட்டில் கூண்டு செய்ய முனைவோர் பின்பற்றத் தகாத முன்மாதிரியும் அதுவே. சிறகை முழுதாக விரிக்க இடமில்லாத அப்பெட்டி தூக்கிச் செல்வதற்கு ஏற்றதேயன்றிப் பறவை வாழ்வதற்கு ஏற்றதன்று; அதனுள் அடைபடும் பச்சைக்கிளியோ, மைனா, சில்லை முதலிய பிற நாட்டுப் பறவைகளைப் போலவே, 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வீட்டில் வளர்க்கக் கூடாதது. ஆகவே, சட்டம் தடுக்காத அயல்நாட்டு வளர்ப்புப் பறவை ஒன்றை மனத்திற்கொண்டே கூண்டைத் திட்டமிட வேண்டும். கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் பட்ஜெரிகர் அத்தகைய பறவை. அப்பெயருக்கு உண்மையில் உரியது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, அலகு வலிமை மிகுந்த வேறோர் இனமாதலால், கடைப்பெயரை மட்டும் நம்பிக் கூண்டு செய்வது சரியன்று.

பட்ஜெரிகர், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலப் பகுதிகளில் நீரையும் புல்விதைகளையும் தேடிக் கூட்டங்கூட்டமாக இடம்பெயரும் சிறு கிளி. ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் நீளமும் 30 முதல் 40 கிராம் எடையும் உடையது. பறவையியலாளர் ஜான் கூல்ட் 1840இல் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற பின்னரே இது உலகெங்கும் வளர்ப்புப் பறவையாயிற்று. இப்பறவை மேலெழும்பிப் பறப்பதைவிடக் கிடைமட்டமாகப் பறப்பதே மிகுதி என்பதால், அழகுக்காகக் கோபுர வடிவில் உயர்த்தப்படும் கூண்டுகள் இதற்குப் பயன்படுவதில்லை. ஓர் இணைக்கு 3 அடி நீளமும் 1½ அடி அகலமும் 2 அடி உயரமும் கொண்ட கூண்டு பொருந்தும். அதன் விளிம்புகள் பன்னிரண்டுக்கும் சேர்த்து 26 அடி நீளமுள்ள கட்டை தேவைப்படும். ஓர் அங்குலச் சதுர ரீப்பர் இதற்குப் போதுமானது.

மரத்தைத் தேர்வதில் விலையைவிட வேறொன்று முதன்மையானது. கிளியினத்தின் அலகு வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதாலும், காட்டில் மரப்பொந்தைச் செதுக்கி அகலப்படுத்தும் இயல்பு பெட்டைகளுக்கு உண்டு என்பதாலும், கூண்டின் கட்டையைக் கொறிப்பது குறும்பன்று. அது தடுக்க முடியாத இயற்கை. எனவே கொறிக்கப்படும் என்று கொண்டே மரம் வாங்க வேண்டும். கரையானுக்கு எதிராகத் தாமிரம், ஆர்சனிக் கலந்த உப்புகள் ஏற்றப்பட்ட கட்டை, பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடிய கதவுச் சட்டங்கள், ஃபார்மால்டிஹைடு கலந்த பசையால் ஒட்டிய மலிவான பிளைவுட் ஆகியவை விலக்கத்தக்கவை. வேம்பும் தேக்கும் நீடித்து உழைக்கும். வெளிநாட்டுச் சரக்குப் பெட்டிகளிலிருந்து கிடைக்கும் பைன் கட்டை மலிவானது. ஆயினும் அதில் பொறிக்கப்பட்ட முத்திரையைப் பார்ப்பது அவசியம். ‘எச்.டி.’ என்ற எழுத்துகள் வெப்பத்தால் பூச்சி நீக்கப்பட்டதையும், ‘எம்.பி.’ என்பது மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயு செலுத்தப்பட்டதையும் குறிக்கும்.

கொறிப்பு எப்போதும் விளிம்பில்தான் தொடங்குகிறது. தட்டையான பரப்பில் அலகுக்குப் பிடி கிடைப்பதில்லை. இந்த ஒரு செய்தியே கூண்டின் அமைப்பைப் பெரிதும் தீர்மானித்துவிடுகிறது. வலையைச் சட்டத்தின் வெளிப்புறத்தில் அடிப்பது எளிது. தச்சர் பலரும் அவ்வாறே செய்வர். ஆனால் அப்போது கட்டையின் விளிம்புகள் யாவும் உட்புறம் திறந்து நின்று, சில மாதங்களில் சிதைந்துபோகும். வலையை உட்புறம் அடித்து, வெட்டிய கம்பி முனைகளை மெல்லிய மரப்பட்டியால் மூடினால், மரம் வடிவத்தை மட்டும் தாங்கி நிற்க, அலகு கம்பியோடு நின்றுவிடும். பின்பக்கத்தை முழுப் பலகையால் அடைப்பது நன்று. காற்று தடுக்கப்படுவதோடு, எல்லாப் பக்கமும் வெளியாக இருக்கும்போது பறவைக்கு ஏற்படும் அச்சமும் குறையும்.

வலை அரை அங்குலக் கண்ணுடைய வெல்டு மெஷ்ஷாக இருக்க வேண்டும். ஓர் அங்குலக் கண்ணில் பறவையின் தலை சிக்கிக்கொள்ளும்; எலிக்குஞ்சும் சிறு பாம்பும் அதன் வழியே உள்ளே நுழையும். கடைகளில் எளிதில் கிடைப்பது துருப்பிடிக்காதபடி துத்தநாகம் பூசப்பட்ட ஜி.ஐ. வலையே. பூச்சின்போது ஆங்காங்கே தங்கும் துத்தநாகச் சிம்புகளைப் பறவை கம்பியில் ஏறும்போது கொத்தி விழுங்கினால், அந்நஞ்சு உயிரையே பறிக்கக்கூடும். புது வலையை வினிகரும் தூரிகையும் கொண்டு அழுத்தித் தேய்த்து, நீரால் நன்கு அலசி, உலர்த்திய பின் பொருத்தினால் இந்த அபாயம் குறையும். அறவே நீங்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. துருப்பிடிக்காத எஃகு வலை விலை மிகுந்ததாயினும், கூண்டுக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி செலவிடத் தகுந்த இடம் அதுவே.

கட்டைகளை ஆணியால் மட்டும் சேர்ப்பதைவிட, இரு கட்டைகளிலும் பாதிப் பருமனைச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, பசையும் திருகாணியும் இட்டு இறுக்குவது மேல். உறுதி மட்டுமே இதற்குக் காரணமன்று. பகலில் மரத்தின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் பறவையின் குருதியை உறிஞ்சும் செவ்வுண்ணிகள் மரக்கூண்டுக்கே உரிய தொல்லை. இணைப்பில் எஞ்சும் மயிரிழை இடைவெளியையும் மரத்தூள் குழைத்த பசையால் அடைத்துவிட்டால் அவற்றுக்கு உறைவிடம் இல்லாமற்போகும். அடித்தளமும் மரமாக இருக்கலாகாது. எச்சமும் சிந்திய நீரும் ஊறிய பலகையில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், அடியிலும் வலையே இட்டு, அதன்கீழ் இழுத்தெடுக்கும் தகரத் தட்டு ஒன்றை வைத்து, அதில் பழைய செய்தித்தாளை விரித்து நாள்தோறும் மாற்றுவது வழக்கம்.

கதவு, கை தாராளமாக நுழையும் அளவில், கீலுடன் அமைவது போதும். மேல்நோக்கித் தூக்கும் கதவை இப்பறவைகள் அலகால் உயர்த்தித் தப்பிவிடுமாதலால், அதற்குக் கொக்கி இன்றியமையாதது. உட்காரும் குச்சிகளை இரு முனைகளிலும் வைத்து நடுப்பகுதியைப் பறப்பதற்கு விட வேண்டும். கடைந்தெடுத்த ஒரே பருமனுள்ள குச்சியில் எந்நேரமும் நிற்கும் காலில் புண் உண்டாகும். பருமன் மாறிமாறி வரும் கொய்யாக் கிளை இதற்கு ஏற்றது, கொறிக்கவும் உதவும். அரளிக் கிளை நஞ்சு.

பலகையின் வெளிப்புறத்துக்கு மட்டும் நீர்கலந்த அக்ரிலிக் வார்னிஷ் பூசி, வாடை முற்றிலும் அகலும்வரை கூண்டைக் காற்றாட வைத்த பின்னரே பறவையை உள்ளே விட வேண்டும். காலை வெயில் ஒரு பகுதியில் மட்டும் படும் தாழ்வாரம் கூண்டுக்கு உகந்தது, சமையலறை உகந்ததன்று. அளவுமீறிச் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்திலிருந்து எழும் புகை, மனிதர் உணர்வதற்கு முன்பே சிறு பறவைகளைக் கொன்றுவிடக்கூடும்.