முதன்முறை வாடிவாசல் திறக்கும் ஊருக்கு

புதுக்கோட்டை மாவட்டத்தில் தை மாதம் என்றாலே மாடு அவிழ்ப்புதான். கந்தர்வகோட்டை பக்கம் தச்சங்குறிச்சியில் வழக்கமாக ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும். பழக்கப்பட்ட அந்த ஊரிலேயே 2023 ஜனவரியில் பாதுகாப்பு ஏற்பாடுகள் முடியவில்லை என்று விழா தள்ளிப்போனது. சரிசெய்த பிறகே அனுமதி கிடைத்தது. புதிதாக நடத்த நினைக்கும் விழாக் கமிட்டியினர் இதை யோசிக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருத்தச் சட்டம் ஜல்லிக்கட்டுக்கு வழிவிட்டது. அது செல்லும் என்று 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கை செய்த இடத்தில் மட்டுமே நடத்தலாம். மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா எல்லாமே இதே சட்டத்துக்குள்தான் வருகின்றன. வடமாடுதானே, கயிற்றில்தானே கட்டியிருக்கிறது என்று அனுமதியில்லாமல் நடத்திவிட்டு வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆகவே முதல் வேலை கலெக்டரிடம் மனு. போஸ்டர், டோக்கன், பரிசு வசூல் எல்லாம் அனுமதிக்குப் பிறகு. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். காரணம் சொல்லாமல் மறுத்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஓடிப் பயனில்லை.

இனி ஆபத்து. 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டன. அன்று உயிரிழந்த இருவரும் பார்வையாளர்கள். கமிட்டிகள் கவனம் முழுவதையும் வாடிவாசலில் வைக்கின்றன. எனக்கோ களத்தைத் தாண்டிய இடம்தான் பெரிய பயம். களத்தில் நிற்கும் மாடுபிடி வீரருக்கு மாடு எங்கிருந்து வரும் என்று தெரியும். திமிலைப் பிடித்தவரை உதறிவிட்டு வெளியேறும் காளை மிரண்டுபோய், மூக்கணாங்கயிறும் இல்லாமல், காளைகள் சேருமிடத்துக்கு ஓடுகிறது. அங்கே உரிமையாளர் பிடிகயிற்றோடு நிற்கிறார், அவரைச் சுற்றி செல்போனில் படம் எடுக்கும் பையன்கள், நடுவே டூவீலர்கள். பின்னாலேயே அடுத்த காளை வருவதை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

அதனால் இரட்டைத் தடுப்பைக் களத்தோடு நிறுத்தாமல் காளை சேருமிடம் வரை கொண்டுபோங்கள். ஒரு காளையைப் பிடித்துக் கட்டிய தகவல் மைக்குக்கு வந்த பிறகே அடுத்ததை விடுங்கள். ஓடும் வழியில் திறந்த கிணறோ ரோடோ இருந்தால் அந்த இடமே வேண்டாம். கேலரிக்குப் பொதுப்பணித் துறையின் சான்று வாங்குங்கள். கால்நடை மருத்துவர் பார்க்காத காளை உள்ளே வரக்கூடாது. 108 வண்டி வெளியேறும் பாதையில் ஒரு கடைகூடப் போட விடாதீர்கள்.

அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். இறந்தவர் குடும்பம் 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின்படி இழப்பீடும் கேட்கலாம். வீரர்களுக்கும் வேலை செய்பவர்களுக்கும் குழு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒருவரைச் சாதி பார்த்துக் களத்தில் இறங்கவிடாமல் தடுத்து அவமானப்படுத்தினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். கமிட்டி பேசித் தீர்த்துக்கொள்ளும் விவகாரம் அல்ல.

காயம்பட்டவர்கள் அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். மாடு முட்டியது என்று அதில் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். 'கீழே விழுந்தார்' என்று இருந்தால் காப்பீடும் இழப்பீடும் சிக்கலாகும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100.

காளை சேருமிடத்துக்கு வேலி போடப் பணம் போதவில்லை என்றால், தயவுசெய்து இந்த ஆண்டு நடத்தாதீர்கள்.