முதுமைத் தளர்ச்சி: அளந்து அறியும் மருத்துவம்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதம் பிறந்ததும் ஓய்வூதியர்கள் தம் வாழ்வுச் சான்றிதழை அளிப்பதற்காக வங்கிக் கிளைகளை நாடி வருகின்றனர். 80 வயதைக் கடந்தோர் அக்டோபர் முதல் நாளிலிருந்தே அளிக்கலாம். 2014ஆம் ஆண்டு முதல் 'ஜீவன் பிரமாண்' வாயிலாக மின்னணு முறையிலும் அனுப்பலாம். ஆயினும் கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள கிளைகளுக்குப் பலர் நேரில் வருவதையே விரும்புகின்றனர். பழைய நண்பர்களைக் காண்பதும், இந்நகரத்தார் 'அட்டா' என்று போற்றும் அரட்டையும் அதற்குக் காரணங்கள். லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழ்ந்து வரும் நம் தமிழ்ப் பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர்.

கவுண்ட்டரில் அமர்ந்திருப்போர் கண்ணுக்கு ஒன்று தவறாமல் புலப்படும். ஒரே ஆண்டில் பிறந்த இருவர் ஒரே நிலையில் இருப்பதில்லை. 84 வயதான ஒருவர் துணையின்றிப் படியேறி வந்து, மாதிரிக் கையொப்ப அட்டையில் உள்ளவாறே கையெழுத்திட்டுச் செல்வார். 68 வயதான மற்றொருவர் நாற்காலியிலிருந்து எழுவதற்கே இரு கைகளையும் ஊன்ற வேண்டியிருக்கும். அவருடைய கையொப்பம் சென்ற ஆண்டைப் போல் இராது. உடன் வந்திருக்கும் மகனைக் கேட்டால், "வயதாகிவிட்டது சார்" என்பார். அந்த விடை போதாது என்பதே கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக உலகெங்கும் நடைபெற்று வரும் மருத்துவ ஆய்வுகளின் முடிவு.

மருத்துவர்கள் 'ஃபிரெயில்ட்டி' எனக் குறிப்பிடும் நிலையைத் தமிழில் முதுமைத் தளர்ச்சி எனலாம். இதனைத் தனியொரு நோய் என்று கூற இயலாது. உடலின் பல உறுப்புகளிலும் இருக்கும் கையிருப்பு சிறிது சிறிதாகக் கரைந்து, சிறிய அதிர்ச்சியையும் தாங்க இயலாத கட்டத்தை உடல் அடைவதே தளர்ச்சி. வணிகவியல் பயின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அன்றாட வரவு செலவு சரியாக நடந்துகொண்டிருக்கும் நிறுவனத்தில் கையிருப்பு தீர்ந்துபோனால் வெளிப்பார்வைக்கு எதுவும் தெரியாது. எதிர்பாராத ஒரு செலவு வரும் நாளில்தான் நிலை வெளிப்படும். உடலுக்கு அந்தச் செலவு ஒரு வாரக் காய்ச்சலாகவோ, குளியலறையில் வழுக்கி விழுவதாகவோ, அறுவை சிகிச்சையாகவோ வரக்கூடும்.

இதனை அளக்கும் முறையை 2001ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரீடும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். 65 வயதும் அதற்கு மேலும் உடைய 5,317 பேரை ஆராய்ந்து அவர்கள் ஐந்து அடையாளங்களை வகுத்தனர். ஓராண்டில் தாமாக முயலாமலே ஏறத்தாழ நாலரைக் கிலோ எடை குறைதல், எந்த வேலையும் பெருஞ்சுமையாகத் தோன்றும் அயர்வு, கைப்பிடி வலிமைக் குறைவு, நடைவேகக் குறைவு, உடலுழைப்புக் குறைவு ஆகியவையே அவை. மூன்றோ அதற்கு மேலோ காணப்பட்டால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் தளர்ச்சிக்கு முந்தைய நிலை. ஏழு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, எந்த அடையாளமும் இல்லாதவர்களுள் 12 விழுக்காட்டினரும், தளர்ச்சியுற்றிருந்தவர்களுள் 43 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர்.

கனடாவைச் சேர்ந்த கென்னத் ராக்வுட்டும் அவருடைய குழுவினரும் வேறு வழியை மேற்கொண்டனர். ஒருவருக்கு எத்தனை குறைகள் சேர்ந்துள்ளன எனக் கணக்கெடுத்து, ஆராயப்பட்டவற்றின் மொத்த எண்ணிக்கையால் வகுப்பது அவர்கள் முறை. 40 கூறுகளை ஆராய்ந்து அவற்றுள் 10 குறைகள் இருப்பின் குறியீடு 0.25. ஐந்தொகையைப் பார்த்துப் பழகிய எனக்கு இம்முறையே கூடுதல் நிறைவு தருகிறது என்பதை இங்கே கூறிக்கொள்கிறேன். ஆனால் கூட்டமான மருத்துவமனையில் ஐந்து நிமிடத்தில் முடியக்கூடியது ஃபிரீடின் முறையை ஒட்டிய சோதனைகளே.

இக்குறியீட்டு முறையில் நம் நாட்டின் நிலையும் அளக்கப்பட்டுள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, சீனா, கானா, மெக்சிகோ, ரஷ்யா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 'சேஜ்' என்ற பெயரில் முதியோர் ஆய்வினை நடத்தியது. இந்தியாவில் தெரிவு செய்யப்பட்ட ஆறு மாநிலங்களுள் மேற்கு வங்காளமும் ஒன்று. 50 வயதைக் கடந்தோரைப் பற்றிய அத்தரவுகளைக் கொண்டு 2016ஆம் ஆண்டு வெளியான கட்டுரை, இந்தியாவில் பாதிக்கும் மேற்பட்டோர் தளர்ச்சி வரம்புக்குள் இருப்பதாகக் காட்டியது. சீனாவில் அது ஏறத்தாழ எட்டில் ஒருவர். ஆறு நாடுகளில் மிகக் கூடிய அளவு நம்முடையது. மிகக் குறைந்தது சீனாவுடையது. ஐம்பது வயது என்பது பணியில் இருக்கும் வயது. வீட்டுக்கடனின் தவணையை இன்னும் செலுத்திக் கொண்டிருக்கும் வயது. முதியோர் பக்கம் எனக் கருதி இக்கட்டுரையைக் கடந்து செல்ல எண்ணும் வாசகர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

கொல்கத்தா இச்சிக்கலை நன்கு அறிந்த நகரம். பிள்ளைகள் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ பெயர்ந்து சென்றபின், மின்தூக்கி இல்லாத பழைய மூன்றடுக்கு வீடுகளின் மேல்தளத்தில் பெற்றோர் மட்டும் எஞ்சியிருப்பது இங்கே இயல்பான காட்சி. படியிறங்குவது கடினமானதும் காய்கறிச் சந்தைக்குச் செல்வது நிற்கும். பின்னர்த் தெருமுனை 'ரோயாக்'கில், அதாவது நம் ஊர்த் திண்ணை போன்ற மேடையில், அமர்ந்து பேசுவதும் நிற்கும். நடை குறையக் குறையத் தசை குறையும். தசை குறையக் குறைய நடையும் குறையும். முதுமையியலுக்கென 1988ஆம் ஆண்டிலேயே கல்கத்தா மெட்ரோபாலிட்டன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஜெரன்டாலஜி இங்கே தோன்றியது. தனித்து வாழும் முதியோருக்காகக் கொல்கத்தா காவல்துறை 2009ஆம் ஆண்டு 'பிரணாம்' திட்டத்தைத் தொடங்கியது.

இத்துறையில் தமிழகத்துக்கு முன்னோடி என்ற பெருமை உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவை 1978ஆம் ஆண்டு தொடங்கியவர் டாக்டர் வி. எஸ். நடராஜன். முதியோர் மருத்துவத்தில் எம்.டி. பட்டப்படிப்பு சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

அளந்து அறிவதால் பயன் என்ன? தளர்ச்சியைத் தடுக்கவும், ஓரளவு மீட்கவும் இயலும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியட்டரோன் தலைமையில் வெளியான ஆய்வு இன்றும் வியப்பளிப்பது. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 100 பேர் அதில் பங்கேற்றனர்; அவர்களின் சராசரி வயது 87. பத்து வாரம் எடையுடன் கூடிய கால் பயிற்சி பெற்றவர்களின் தசை வலிமை இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. பயிற்சியின்றி ஊட்டச்சத்துப் பானம் மட்டும் பெற்றவர்களுக்குப் பயன் கிட்டவில்லை. மருந்துக் கடையில் விலையுயர்ந்த புரதப் பொடி டப்பா ஒன்றை வாங்கி வைத்துவிட்டுக் கடமை முடிந்தது எனக் கருதும் பிள்ளைகள் இவ்வரியை மீண்டும் ஒருமுறை படிக்கலாம்.

2014ஆம் ஆண்டு வெளியான 'லைஃப்' ஆய்வு இன்னும் பெரியது. 70 முதல் 89 வயது வரையிலான, உடலுழைப்புக் குறைந்த 1,635 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு நடை, தசை வலிமை, சமநிலைப் பயிற்சிகள். மற்றதற்கு உடல்நலச் சொற்பொழிவுகள். சராசரியாக 2.6 ஆண்டுகளில், 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தோர் பயிற்சிக் குழுவில் 30.1 விழுக்காடு, சொற்பொழிவுக் குழுவில் 35.5 விழுக்காடு. வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். நானும் முதலில் எண்களைப் பார்த்து அவ்வாறே எண்ணினேன். ஆனால் 400 மீட்டர் என்பது வீட்டிலிருந்து மருந்துக் கடைக்கோ வங்கிக்கோ பிறர் உதவியின்றிச் செல்லும் தொலைவு. அதனை இழந்த நாளிலிருந்து குடும்பத்தில் மற்றொருவரின் நேரமும் ஊதியமும் அதற்கு ஈடாகச் செலவாகின்றன.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. கையில்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்து வைத்து, கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுமையாக எழுந்து அமர வேண்டும். விழாமல் பிடிக்க ஒருவர் அருகில் நிற்பது இன்றியமையாதது. தசை இழப்பை ஆராயும் ஆசிய மருத்துவர் குழு 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வரையறையின்படி, இதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரை அணுகுதல் நன்று. கைப்பிடி வலிமை ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைவாக இருப்பதும், நடைவேகம் வினாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைவாக இருப்பதும் அதே வரையறையில் அடங்கும். கைப்பிடியை அளக்கும் கருவி எளியது, ஆனால் அது சொல்லும் செய்தி பெரிது. இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இறப்பு அபாயத்தை இரத்த அழுத்தத்தைவிடக் கைப்பிடி வலிமையே நன்கு முன்னறிவித்தது.

உணவில் புரதம் குறைவது நம்மிடையே பெருங்குறை. வங்காளத்தார் வயதானாலும் மீனை விடுவதில்லை. நம் சைவப் பெரியவர்கள் பலரோ இரவில் இரண்டு இட்லியோ மோர்ச்சோறோ போதும் என நிறுத்திக்கொள்கின்றனர். முதியோருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என 2013ஆம் ஆண்டு வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்னரும் இவ்வளவீடு உதவும். மூட்டு மாற்றுக்காக நிரந்தர வைப்பை முறிக்க வரும் குடும்பத்தினரிடம் செலவுக் கணக்கு இருக்கும். நோயாளியின் நடைவேகம் எவ்வளவு என்ற கணக்கு பெரும்பாலும் இராது. தளர்ச்சியுற்றவர்களுக்கு அறுவைக்குப் பின் சிக்கல்களும் மருத்துவமனையில் தங்கும் நாள்களும் மிகுதி என்பது பல ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது. முன்னரே அறிந்தால், உடனடித் தேவையற்ற அறுவையைச் சில வாரம் தள்ளிவைத்து, உணவாலும் பயிற்சியாலும் உடலைத் தேற்ற இயலுமா என மருத்துவரிடம் கேட்கலாம்.

இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்குமாறு உங்கள் வீட்டுப் பெரியவரை மருத்துவமனை அழைக்கக்கூடும். மருந்து ஆய்வுகளில் முதியோர் நெடுங்காலம் ஒதுக்கி வைக்கப்பட்டதால், அவர்களுக்கு ஏற்ற அளவு மருந்து எது என்பதில் இன்றும் ஐயங்கள் பல உள்ளன. ஆகவே அழைப்பை அஞ்சித் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆயினும் ஒப்புதல் படிவத்தைக் கடன் ஒப்பந்தத்தைப் படிப்பதுபோல் வரிவரியாகப் படித்த பின்னரே கையெழுத்திட வேண்டும். அது பெரியவருக்குத் தெரிந்த மொழியில் இருத்தல் வேண்டும். இந்தியாவில் நடைபெறும் மருந்து ஆய்வுகள், 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அதன் பதிவெண்ணைக் கேட்டுப் பெறலாம். ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவத்துக்கும் இழப்பீட்டுக்கும் 2019ஆம் ஆண்டு விதிகள் வகை செய்கின்றன. எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ளும் உரிமை பங்கேற்பவருக்கு உண்டு. ஆய்வில் சேர்ப்பதற்குக் கட்டணம் கேட்பவரோ, வங்கிக் கணக்கின் ஓ.டி.பி.யைக் கேட்பவரோ ஆய்வாளராக இருக்க மாட்டார்.

கையொப்பம் மாறிப்போனவர்கள் தயங்காமல் கிளை மேலாளரைச் சந்தித்துப் புதிய மாதிரிக் கையொப்பம் அளிக்கலாம். கையெழுத்திடவே இயலாதவர், இரு சாட்சிகள் முன்னிலையில் கைரேகை பதித்துப் பணம் பெற இயலும். சாட்சிகளுள் ஒருவர் வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். 70 வயதைக் கடந்தோருக்குப் பணம் பெறுதல், செலுத்துதல், வாழ்வுச் சான்றிதழ் அளித்தல் போன்ற சேவைகளை வீட்டு வாயிலிலேயே வழங்க வங்கிகள் முயல வேண்டுமென ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியுள்ளது. விண்ணப்பத்தைக் குடும்பத்தினர் எவரும் கிளையில் பெற்றுக்கொள்ளலாம். நடக்க இயலும் பெரியவராயின், வாரம் ஒருமுறையேனும் அவரைக் கிளைக்கு நடத்தியே அழைத்து வாருங்கள். அமர நாற்காலி உண்டு.