கடைத் தளவாடம் செலவா, முதலா?



சரக்கு கொள்முதல் செய்யும்போது நாம் ஏமாறுவதில்லை. துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கிறோம். மிளகாயை ஒடித்துப் பார்க்கிறோம். நாலு மண்டியில் விலை கேட்கிறோம். ஆனால் அந்தச் சரக்கையெல்லாம் தாங்கி நிற்கும் அலமாரி, மேசை, கல்லாப்பெட்டி ஆகியவற்றை வாங்கும்போது மட்டும் பளபளப்பைக் கண்டு மயங்கிவிடுகிறோம். அந்த மயக்கத்தின் விலை என்ன என்பதைக் கண்டாச்சிபுரம் வட்டார வணிகர்கள் சிலர் 2024 டிசம்பரில் தெரிந்துகொண்டார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2-ம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரை புரண்டது. வடகரையில் உள்ள அரகண்டநல்லூரிலும், எதிர்க்கரையில் உள்ள திருக்கோவிலூரிலும் வெள்ளம் புகுந்தது. அரகண்டநல்லூர் கண்டாச்சிபுரம் வட்டத்தைச் சேர்ந்தது; ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் உள்ள ஊர் என்பதால் நம்மில் பலருக்கும் பழக்கமானது.

ஆற்றோரம் மளிகைக் கடை நடத்தும் நண்பர் ஒருவரின் கடையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. போன சரக்கைப் பற்றி இங்கே எழுதவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு அவர் கண்ட காட்சிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நான்கு வருடங்களுக்கு முன் வாங்கிய கவுண்டரும் இரண்டு அலமாரிகளும் ஊறிய ரொட்டி போல உப்பி, தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தன. அவருடைய தாத்தா காலத்துக் கல்லாப்பெட்டியோ சேறு பூசிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

மரமும் மரம் மாதிரியும்

அந்தக் கவுண்டர் மரமே அல்ல. மரத்தூளையும் சிராயையும் பசையில் குழைத்து, அழுத்தி, மேலே வழவழப்பான தாள் ஒட்டிய 'பார்ட்டிகிள் போர்டு'. தண்ணீர் பட்டால் உள்ளே நெருக்கி அழுத்தப்பட்ட சிராய்கள் விரிந்துகொள்ளும். காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அதில் ஸ்குரூ பிடிக்காது, இழைக்க முடியாது, ஒட்டுப் போடவும் முடியாது. வெள்ளம்தான் வர வேண்டும் என்பதில்லை. தினமும் தரையைக் கழுவும் தண்ணீரே அடிப்பலகையைத் தின்றுவிடும்.

இந்தப் பலகைகள் ஏன் இவ்வளவு பரவின? 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் காடுகளில் மரம் வெட்டுவதற்கும், உரிமம் இல்லாத மர அறுவை ஆலைகளுக்கும் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகள் தொடர்பான கோதவர்மன் வழக்கில் வந்த உத்தரவு அது. காடுகளைக் காக்க அது தேவையாக இருந்தது. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் நாடும் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. நாம் 'பர்மா தேக்கு' என்று பெருமையாகச் சொன்னது அருமையாகிப்போனது. மரம் விலை ஏற ஏற, போர்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இருந்தாலும் கடைக்குத் தேக்குதான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வேம்பு இருக்கிறது, பூவரசு இருக்கிறது, வேங்கை, வாகை இருக்கின்றன, பண்ணுருட்டிப் பக்கம் பலா இருக்கிறது. மூட்டை தாங்கும் கட்டைகளுக்குக் கருவேலம் போதும். பார்க்க வேண்டியது மரத்தின் பெயரை அல்ல, வைரத்தையும் ஈரத்தையும்.

மரவாடியில் கவனிக்க வேண்டியவை

மரத்தின் நடுப்பகுதி வைரம், நிறம் அடர்ந்திருக்கும். ஓரத்து வெள்ளையில் மாவுச்சத்து இருப்பதால் உளு முதலில் அதைத்தான் பிடிக்கும். பலகையில் வெள்ளை அதிகமானால் விலை குறைவென்று மகிழ வேண்டாம்.

பச்சை மரத்தில் தண்ணீர் நிறைய இருக்கும். அது வற்றும்போது பலகை அகலத்தில் சுருங்கும். நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. பச்சையாகவே அலமாரி செய்தால் ஆறு மாதத்தில் இடுக்கு விழுவதும் கதவு கோணுவதும் இதனால்தான். அறுத்த பலகைகளை நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, காற்றாடச் சில மாதங்கள் விட வேண்டும். நமது அவசரத்துக்கு ஆசாரியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆறடி நீளம், ஓரடி அகலம், ஓர் அங்குலக் கனம் உள்ள பலகை அரை கன அடி. உருட்டு மரத்தில் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது வழக்கம். நாலடிச் சுற்றளவும் பத்தடி நீளமும் உள்ள மரம் இந்தக் கணக்கில் 10 கன அடி. உண்மையான கன அளவு 12 முக்காலுக்குச் சற்றுக் குறைவு. அந்த வித்தியாசம் பட்டைக்கும் அறுப்புக் கழிவுக்கும் விடும் தள்ளுபடி. எந்தக் கணக்கில் விலை சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் கடைக்கு உங்கள் அளவு

ஆயத்தமாக விற்கும் அலமாரி யாருடைய கடைக்கோ செய்தது. நம் கடையின் தூண், ஜன்னல், ஷட்டர் எல்லாம் அதற்குத் தெரியாது. மூலையில் நாலு அங்குலம் வீணாகும். மேலே ஓரடி வீணாகும். வாடகை கொடுக்கும் இடத்தில் அந்த நாலு அங்குலமும் பணம்தான்.

ஆசாரியை அழைப்பதற்கு முன் ஒரு நாள் கல்லாவில் உட்கார்ந்து கவனியுங்கள். எந்தச் சரக்கு அடிக்கடி கைக்கு வேண்டும்? எது கனம்? எது உயரம்? அடிக்கடி போவது இடுப்புக்கும் கண்ணுக்கும் இடையில் இருக்கட்டும். கனமானது கீழே, லேசானது மேலே. பாக்கெட் சரக்குக்கு 12 முதல் 15 அங்குல ஆழம் போதும். அதற்கு மேல் போனால் பின்வரிசைச் சரக்கு காலாவதியாகும் வரை கண்ணில் படாது. அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரட்டும். துடைப்பம் உள்ளே போகும், எலி தங்காது. சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் சுவரின் ஓதம் ஏறாது. கரையானின் மண் கோடும் கண்ணுக்குத் தெரியும்.

முக்கியமானது தாங்கல். தாங்கலுக்குத் தாங்கல் உள்ள இடைவெளியை இரட்டிப்பாக்கி, அதே நெருக்கத்தில் சரக்கு அடுக்கினால், பலகை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு தொய்யும். பலகையின் கனத்தை இரட்டிப்பாக்கினாலோ தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். 15 கிலோ எண்ணெய் டின் மூன்றை வரிசையாக வைத்தாலே 45 கிலோ ஆகிறது. ஆகவே ஆறடி அலமாரிக்கு நடுவில் ஒரு ஜோடிக் கால் கட்டாயம். அந்தச் சிக்கனம் வேண்டாம்.

ஒரு உதாரணம்: ஆறடி அகலம், ஏழடி உயரம், 15 அங்குல ஆழத்தில் ஐந்து தட்டுகள். ஓர் அங்குலப் பலகையாக 3 கன அடிக்குச் சற்று மேல் ஆகும். இரண்டு அங்குலச் சதுரத்தில் ஆறு கால்களுக்கு ஒரு கன அடிக்குச் சற்று மேல். குறுக்குச் சட்டமும் கழிவும் தனி. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கூலி பேசினால் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் வராது.

பலகைக்குப் பதில் பிளைவுட்தான் கட்டுப்படியாகும் என்பவர்கள், ஈரம் படும் இடத்துக்காவது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட் கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரங்களைத் திறந்து விடாமல் அடைக்கச் சொல்லுங்கள்.

ஆணி அடிப்பது வேறு, பூட்டுவது வேறு

நண்பரின் கல்லாப்பெட்டி பிழைத்ததற்கு மரம் மட்டும் காரணம் அல்ல. அதில் ஒரு இரும்பு ஆணி கூட இல்லை. துளையும் கூருமாகப் பூட்டி, மூங்கில் ஆணி இறக்கியிருந்தார்கள். பழைய ஆசாரிகள் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுத்த வஜ்ஜிரத்தைக் காய்ச்சி ஒட்டினார்கள். 1959-ல் பல்வந்த் பாரேக் சகோதரர்கள் ஃபெவிகால் கொண்டு வந்த பிறகு அடுப்பு மூட்டும் வேலை ஒழிந்தது. ஆனால் சாதாரண வெள்ளைப் பசை நெடுநேரம் தண்ணீரில் ஊறினால் இளகும். பசை விட்டாலும் கூர் விடாது. பசையையும் ஆணியையும் மட்டும் நம்பிய வேலை ஒரு வெள்ளத்தோடு சரி.

நண்பர் செய்த தவறு

இதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளம் வடிந்த மறுநாளே நண்பர் தம் தந்தையார் உட்கார்ந்து வியாபாரம் செய்த நீள பெஞ்சைத் தூக்கி நடுவெயிலில் போட்டார். மூன்றாம் நாள் அது தலைப்பிலிருந்து நடு வரை பிளந்தது. மேல்புறம் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நின்றதால் வந்த வினை. அந்த நேரத்தில்தான் ஆசாரி வந்தார். கல்லாப்பெட்டியும் வெயிலுக்குப் போகத் தயாராக இருந்தது.

"முதலாளி, அதையும் கொன்னுடாதீங்க. நிழல்ல வைங்க" என்றார் அவர்.

சேற்றை நல்ல தண்ணீரில் கழுவினார். இழுப்பறைகளை உருவினார். பின்பலகையைக் கழற்றினார். செங்கல் மேல் தூக்கி வைத்து, காற்றாட விட்டுப் போய்விட்டார். பொங்கல் கழிந்து மாசி பிறந்த பிறகுதான் உளியை எடுத்தார். தளர்ந்த கூர்களைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி, ஆப்பு இறக்கினார். உளுத்திருந்த அடிப்பலகை ஒன்றை மட்டும் வேம்பில் மாற்றினார். பெட்டி இன்று கல்லாவில் இருக்கிறது. பிளந்த பெஞ்சையும் அவர் தூக்கி எறியவில்லை. பிளவை வெட்டி நீக்கி, நீளத்தைக் குறைத்து, இரண்டு பேர் உட்காரும் பெஞ்சாக்கித் தந்தார். போர்டு கவுண்டர் குப்பை வண்டியில் போயிற்று.

நாமே பார்க்கக்கூடிய பழுதுகள்

சிறு பழுதைக் கண்டதும் கவனித்தால் ஆசாரிக்குக் கொடுக்கும் கூலி மிச்சம். காத்திருக்கும் நாளும் மிச்சம்.

* மழைக்காலத்தில் இழுப்பறை இறுகினால் உடனே இழைக்காதீர்கள். மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. கோடையில் தானே தளரும். இப்போது இழைத்தால் அப்போது ஆடும். மெழுகுவர்த்தியை ஓரங்களில் தேய்த்தால் போதும்.

* கீல் ஸ்குரூ பிடிக்காமல் சுற்றினால், பெரிய ஸ்குரூ தேடுவதற்கு முன், ஓட்டையில் பசை தடவிய மூங்கில் குச்சியை அடைத்து, காய்ந்ததும் பழைய ஸ்குரூவையே முடுக்குங்கள்.

* தட்டு தொய்ந்தால் சரக்கை இறக்கி, பலகையைத் தலைகீழாகத் திருப்புங்கள். முன் ஓரத்தில் இரண்டு அங்குல உயரப் பட்டியை நெட்டாகப் பொருத்தினால் பல வருடம் தாங்கும்.

* ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிப்பது நோயை மறைப்பதற்குச் சமம். ஆணி மரத்தைப் பிளக்கும்; பிறகு ஆசாரியாலும் சரி செய்ய முடியாது. மூட்டைப் பிரித்து, சுரண்டி, ஒட்ட வேண்டும்.

* மாவு போன்ற தூள் உதிர்ந்தால் உளு; மண் கோடு ஏறினால் கரையான். எதுவானாலும் உணவுப் பொருளை முழுவதும் அப்புறப்படுத்தாமல் மருந்து அடிக்கக் கூடாது. தானியப் பெட்டியின் உட்புறத்தில் மருந்தே வேண்டாம். கெட்ட பலகையை மாற்றுவதுதான் நல்லது.

கணக்கும் கைத்தொழிலும்

கணக்கு எழுதி வருமான வரி கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தளவாடத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். நடப்புப் பழுதுபார்ப்புச் செலவை அந்தந்த ஆண்டிலேயே செலவாக எழுதலாம். ஆசாரியிடம் சீட்டு வாங்கி வைத்து, உங்கள் கணக்காளரிடம் காட்டுங்கள்.

இந்த வேலை தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் இல்லாமல் இல்லை. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியின் மரச் சிற்ப வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் சாமி சிலை செய்யும் கையும் சரி, அலமாரி செய்யும் கையும் சரி, வேலை வந்தால்தான் நிற்கும். 2025-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம், மரவேலை உள்ளிட்ட 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், 50 ஆயிரம் ரூபாய்க்கு மிகாமல், மானியமும் என்று வழி செய்தது. இத்தகைய உதவிகள் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்க ஆசாரிகளுக்கு நேரமும் இருக்காது, தைரியமும் இருக்காது. படிவம் நிரப்பவும், வங்கிக்கு உடன் போகவும் நம் சங்கக் கிளைகள் உதவலாம்.

பெரிய கடைகள் வந்து நம் வாடிக்கையாளரை இழுத்துக்கொள்கின்றன என்று நாம் வருந்துகிறோம். 'உள்ளூர்க் கடையில் வாங்குங்கள்' என்று கேட்கிறோம். அதைக் கேட்கும் நாம் கல்லாப்பெட்டியை எங்கே வாங்கினோம்? நம்மிடம் அரிசி வாங்கும் ஆசாரிக்கு நாம் ஒரு அலமாரி வேலை கொடுத்தால் அந்தப் பணம் நம் தெருவிலேயே சுற்றும். திரும்ப நம் கல்லாவுக்கே வரும்.

அடுத்த முறை தளவாடம் வாங்கும் எண்ணம் வந்தால், துவரம்பருப்பைப் பார்ப்பது போல மரத்தையும் கையில் எடுத்துப் பாருங்கள். பழையது இருந்தால் விறகுக்குப் போடும் முன் ஒரு தடவை ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மீதியை அவர் சொல்லுவார்.